வந்த படிவமும் வராத படிவமும்: அமெரிக்காவில் குறுகியகால வாடகைக்கு வீடு விடுபவர்களின் வரிக் கணக்கு

ஏர்பிஎன்பி, விர்போ போன்ற தளங்களில் வீடு விடுபவர்களில் சிலருக்கு ஜனவரி மாதக் கடைசியில் '1099-கே' என்ற படிவம் வரும். பலருக்கு வராது. வந்தவர் அதிலுள்ள தொகையைப் பார்த்து, 'இவ்வளவு பணம் என் பாங்குக்கு வரவே இல்லையே' என்று திகைப்பார். வராதவர், 'நல்லவேளை, இந்த வருஷ வாடகைக்கு வரி கிடையாது' என்று நிம்மதி அடைவார். முன்னவரின் திகைப்புக்குக் காரணம் உண்டு. பின்னவரின் நிம்மதிக்குக் காரணமே இல்லை.

1099-கே வரி பில் அல்ல. 'இந்த வருஷம் இன்னாருக்காக விருந்தினர்களிடமிருந்து இவ்வளவு வசூலானது' என்று தளம் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு எழுதி அனுப்பும் தகவலின் நகல், அவ்வளவுதான். வரி கட்ட வேண்டிய கடமை உங்கள் வருமானத்தால் வருகிறது, படிவத்தால் அல்ல. படிவம் வராவிட்டாலும் வாடகையைக் காட்டியாக வேண்டும். வந்தாலும் அதிலுள்ள முழுத் தொகைக்கும் வரி கிடையாது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எந்தக் கட்டத்தில் எந்த எண் என்ற வேலைதான்.

யாருக்கு வரும்?

இந்தப் படிவத்துக்கு வித்திட்டது 2008இல் வந்த சட்டம். 2011ஆம் ஆண்டுப் பணப் பரிமாற்றங்களிலிருந்து படிவம் நடைமுறைக்கு வந்தது. வருஷத்தில் 20,000 டாலருக்கு மேல் வசூலாகி, பரிமாற்றங்களும் 200ஐத் தாண்டினால் தளம் படிவம் அனுப்ப வேண்டும் என்பது அன்றைய விதி. 2021இல் வேறொரு சட்டம் அதை 600 டாலராகக் குறைத்தது. ஆனால் ஐஆர்எஸ் அதை அமல்படுத்துவதை வருஷா வருஷம் தள்ளிப்போட்டது. நடுவில் 5,000 என்றார்கள், 2,500 என்றார்கள். கடைசியில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் பழைய 20,000 டாலர், 200 பரிமாற்றம் என்ற வரம்பையே திரும்பக் கொண்டுவந்தது. இணையத்தில் பழைய கட்டுரைகள் இன்னும் 600 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நம்பிவிடாதீர்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும் என்பது. ஒரே ஒரு வீட்டை மூன்று நாள், நான்கு நாள் புக்கிங்காக விடுபவருக்கு வருஷத்தில் 200 புக்கிங் வர வழியே இல்லை. அவர் 60,000 டாலர் வாங்கியிருந்தாலும் கூட்டாட்சி விதிப்படி படிவம் வராமல் போகலாம். அந்த 60,000க்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

மாநில விதி தனி. மாசசூசெட்ஸ், வெர்மான்ட், மேரிலாந்து, வர்ஜீனியா, தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களில் வரம்பு 600 டாலர். நியூ ஜெர்சியில் 1,000 டாலர். இல்லினாயில் 1,000 டாலரைத் தாண்டி, நான்கு பரிமாற்றமாவது இருக்க வேண்டும். அதனால் நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவருக்கு வந்த படிவம், அதே அளவு சம்பாதித்த டெக்சஸின் டல்லாஸ் நண்பருக்கு வராதிருப்பதில் வியப்பில்லை.

படிவம் வராதவர் தளத்தில் தன் கணக்கின் வருமானப் பக்கத்திலிருந்து வருஷம் முழுவதற்குமான அறிக்கையை இறக்கிக்கொள்ள வேண்டும். ரிட்டர்னுக்கு, அதாவது வருஷாந்திர வரிக் கணக்குத் தாக்கலுக்கு, அதுதான் ஆதாரம்.

படிவத்தைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஒரு கற்பனைக் கணக்கு. மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதியில் ஒரு சிறு வீடு. வருஷத்தில் 48 புக்கிங், மொத்தம் 168 இரவு. இரவுக்குச் சராசரி 190 டாலர் வீதம் வாடகை 31,920. புக்கிங்குக்கு 120 டாலர் வீதம் கிளீனிங் கட்டணம் 5,760. கூட்டினால் 37,680. இது போக ஒருவர் 1,120 டாலர் கட்டிவிட்டுப் பிறகு ரத்து செய்ததால் முழுவதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. தளத்தின் கட்டணம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 1,130 டாலர். பாங்குக்கு வந்து சேர்ந்தது 36,550.

1099-கேயின் 1ஏ கட்டத்தில் என்ன இருக்கும்? 36,550 அல்ல, 38,800. ஏனென்றால் அந்தக் கட்டம் கேட்பது கழிவு எதுவும் இல்லாத மொத்தத் தொகையை. தளம் எடுத்துக்கொண்ட கட்டணம், திருப்பிக் கொடுத்த பணம், தள்ளுபடி எதையும் அதில் கழிக்கக் கூடாது என்பது விதி. 3ஆம் கட்டத்தில் பரிமாற்றங்களின் எண்ணிக்கை: 49. 5ஏ முதல் 5எல் வரையுள்ள பன்னிரண்டு கட்டங்களில் மாதவாரித் தொகை. 4ஆம் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அதில் ஏதாவது எண் இருந்தால் தளம் உங்கள் பணத்திலிருந்து வரி பிடித்திருக்கிறது என்று பொருள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பலரும் செய்யும் தப்பு. 'என் கைக்கு வந்தது 36,550தானே' என்று அதையே ரிட்டர்னில் வாடகை வருமானமாக எழுதிவிடுவார்கள். கடைசியில் வரும் லாபம் சரியாகவே இருக்கும், கட்ட வேண்டிய வரியும் சரியாகவே இருக்கும். ஆனால் ஐஆர்எஸ் கணினிக்கு அது தெரியாது. அதன் கையில் 38,800 இருக்கிறது, உங்கள் ரிட்டர்னில் 36,550 இருக்கிறது. 2,250 டாலரை மறைத்துவிட்டதாக நோட்டீஸ் அனுப்பும்.

சரியான வழி, மொத்தத்தை மேலே காட்டிக் கழிவுகளைக் கீழே காட்டுவது. ரிட்டர்னில் வாடகைக்கான இணைப்பான ஷெட்யூல் இ படிவத்தில் 3ஆம் வரி (வரிசை), பெற்ற வாடகை: 38,800. 8ஆம் வரி, கமிஷன்: 1,130. 19ஆம் வரி, இதர செலவு: 'விருந்தினருக்குத் திருப்பியது' என்று பெயரிட்டு 1,120. மீதி 36,550. பாங்கு ஸ்டேட்மென்ட்டோடும் பொருந்தும், 1099-கேயோடும் பொருந்தும்.

மாதவாரிக் கட்டங்களை அலட்சியம் செய்ய வேண்டாம். மொத்தம் உங்கள் கணக்கோடு பொருந்தாதபோது எந்த மாதத்தில் இடிக்கிறது என்று அவை காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் டிசம்பரில்தான் இடிக்கும்: ஆண்டுக் கடைசி நாளில் வந்து தங்கியவரின் பணம் புது வருஷத்தில் கைக்கு வந்திருக்கும். அப்படியான புக்கிங்குகளைத் தனித் தாளில் குறித்து வையுங்கள்.

டபிள்யூ-9இல் பெயர்

தளத்தில் சேர்ந்ததும் வரித் தகவல் கேட்பார்கள். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், வரி விதிப்படி 'ரெசிடென்ட்' ஆனவர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டியது டபிள்யூ-9. பெயர், முகவரி, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்), கையெழுத்து. ஒரு பக்கம்தான்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐஆர்எஸ் பெயரையும் எண்ணையும் ஒப்பிடுவது கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்தை வைத்து. நமக்கோ அப்பா பெயர் ஓரிடத்தில் கடைசிப் பெயர், இன்னோரிடத்தில் முதல் பெயர், வேறோரிடத்தில் வெறும் இனிஷியல். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் 'செந்தில்குமார்' கடைசிப் பெயராக இருந்து, தளத்தின் கணக்கில் 'ராமசாமி' கடைசிப் பெயராக இருந்தால் பொருத்தம் தவறும். தளத்துக்கு ஐஆர்எஸ்ஸிடமிருந்து பெயரும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று கடிதம் போகும். நீங்கள் உரிய காலத்தில் திருத்தாவிட்டால் இனி வரும் ஒவ்வொரு பணத்திலும் 24 சதவீதம் பிடிக்கத் தொடங்குவார்கள். 1099-கேயின் 4ஆம் கட்டத்தில் விழுவது இந்தத் தொகைதான். பணம் போய்விடாது. வருமான வரி ரிட்டர்னான 1040 படிவத்தின் 25பி வரியில் எழுதினால், கட்டிய வரியாக வரவு வைக்கப்படும். ஆனால் அடுத்த ரிட்டர்ன் வரைக்கும் உங்கள் மார்ட்கேஜுக்கு உதவ வேண்டிய பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். ஆகவே டபிள்யூ-9ஐ நிரப்பும்போது பாஸ்போர்ட்டையோ லைசென்ஸையோ பார்க்காதீர்கள். எஸ்எஸ்என் கார்டை மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு அதில் இருக்கிறபடியே எழுதுங்கள்.

எல்எல்சி (பொறுப்பு வரையறுத்த நிறுவனம்) வைத்திருப்பவர்களின் தடுமாற்றம் வேறு. ஒரே உரிமையாளர் உள்ள எல்எல்சி தனியாக வேறு வகையைத் தேர்ந்துகொள்ளாதவரை வரிக்கணக்கில் தனி ஆள் கிடையாது. டபிள்யூ-9இன் முதல் வரியில் உங்கள் பெயர், இரண்டாம் வரியில் எல்எல்சி பெயர், எண் இருக்கும் இடத்தில் உங்கள் எஸ்எஸ்என். எல்எல்சியின் பெயரை முதல் வரியில் எழுதி அதன் வரி எண்ணான இஐஎன்னைப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

அக்காவும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வீடாக இருந்து, வருமானம் முழுவதும் தம்பியின் எண்ணில் போய் விழுந்தால், முழுத் தொகையும் தம்பி பெயரில்தான் ஐஆர்எஸ்ஸுக்குப் போகும். அவர் தன் பங்கை மட்டும் காட்டினால் நோட்டீஸ் வரும். முழுவதையும் காட்டி, அக்காவின் பங்கைக் கழித்து, ஏன் கழித்தேன் என்பதற்கான தாளையும் வைத்திருக்க வேண்டும். கணவன் மனைவி கூட்டு ரிட்டர்ன் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவில் இல்லாதவர்கள்

பல வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் வீட்டை விற்காமல் ஏர்பிஎன்பியில் விட்டு வைத்திருப்பார்கள். வரி விதிப்படி அமெரிக்க ரெசிடென்ட் இல்லை என்றாகிவிட்டால் அவர்களுக்கு டபிள்யூ-9 பொருந்தாது. கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு நாள் கணக்கு உண்டு: இந்த வருஷம் குறைந்தது 31 நாள் அங்கே இருந்து, இந்த வருஷ நாட்கள் முழுதும், போன வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கும் கூட்டி 183 வந்தால் ரெசிடென்ட். எச்-1பி வேலை விசாவில் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவர் இந்தக் கணக்கில் ரெசிடென்ட்தான், டபிள்யூ-9தான். 'நான் இந்தியக் குடிமகன்' என்று ரெசிடென்ட் அல்லாதவருக்கான டபிள்யூ-8 நிரப்பி விடக் கூடாது.

ரெசிடென்ட் அல்லாதவர் முன்னால் இரண்டு படிவம் இருக்கும். டபிள்யூ-8பென் கொடுத்தால் மொத்த வாடகையில் 30 சதவீதம் பிடித்தம். நம் உதாரணத்தில் 38,800க்கு 11,640 டாலர். மார்ட்கேஜ் வட்டி, சொத்து வரி, பழுது பார்த்த செலவு எதையும் கழிக்க விடமாட்டார்கள். டபிள்யூ-8ஈசிஐ கொடுத்தால் பிடித்தம் இல்லை. வாடகையை அமெரிக்கத் தொழில் வருமானம் போலக் கருதி, செலவுகள் போக நிகர லாபத்துக்கு மட்டும் வரி. அதற்கு ஒரு எஸ்எஸ்என் அல்லது அது கிடைக்காதவருக்கான வரி எண்ணான ஐடிஐஎன் வேண்டும், முதல் வருஷ ரிட்டர்னோடு அந்தத் தேர்வை அறிவிக்கும் கடிதத்தை இணைக்க வேண்டும், வருஷா வருஷம் ரெசிடென்ட் அல்லாதவருக்கான ரிட்டர்னான 1040-என்ஆர் போட வேண்டும். இவர்களுக்கு 1099-கேக்குப் பதில் 1042-எஸ் வரும், மார்ச் 15க்குள்.

டபிள்யூ-8ஈசிஐயின் ஆயுள், கையெழுத்திட்ட வருஷம் போக அடுத்த மூன்று காலண்டர் வருஷம். காலாவதியானதைக் கவனிக்காமல் விட்டால் 30 சதவீதப் பிடித்தம் தொடங்கிவிடும். 1040-என்ஆரை மிகவும் காலம் தாழ்த்தி, கெடு முடிந்து 16 மாதமும் கடந்து போட்டால் செலவுக் கழிவு உரிமையே போய்விடலாம். வேறெதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தியாவிலும் ரெசிடென்ட் ஆகிவிட்டவர் அங்கே போடும் ரிட்டர்னில் இந்த வீட்டையும் வாடகையையும் வெளிநாட்டுச் சொத்தாகவும் வருமானமாகவும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் கட்டிய வரிக்கு வரவு கேட்கலாம்.

ஷெட்யூல் இயா, ஷெட்யூல் சியா?

அதிகக் குழப்பம் இங்கேதான். காரணம், இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

முதல் கேள்வி: சுயதொழில் வரி (சொந்தத் தொழில் செய்பவர் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் கட்டுவது) உண்டா? நீங்கள் செய்வது வாடகைக்கு விடுவதா, ஹோட்டல் நடத்துவதா என்பதைப் பொறுத்தது அது. வெறும் வாடகை ஷெட்யூல் இயில் போகும், சுயதொழில் வரி இல்லை. விருந்தினரின் வசதிக்காகக் கணிசமான சேவைகள் செய்தால் தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி. லாபத்தின் 92.35 சதவீதத்தின் மேல் 15.3 சதவீதம் கூடுதலாகப் போகும். 10,000 டாலர் லாபத்துக்கு ஏறத்தாழ 1,413 டாலர், வருமான வரி தனி.

எது 'கணிசமான சேவை'? 2021 டிசம்பரில் ஐஆர்எஸ்ஸின் சட்டப் பிரிவு வெளியிட்ட குறிப்பில் இரண்டு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் கடற்கரை விடுமுறை வீடு. படுக்கை விரிப்பு, சமையல் பாத்திரம் எல்லாம் இருக்கின்றன, தினமும் ஆள் வந்து சுத்தம் செய்து சோப்பு ஷாம்பூ வைத்துவிட்டுப் போகிறார், கடலில் விளையாடச் சாமான்கள் தருகிறார்கள், கடைத்தெரு போய்வர டாக்ஸிக் கூப்பன்கூடக் கொடுக்கிறார்கள். இதற்குச் சுயதொழில் வரி உண்டு என்றது குறிப்பு. இன்னொன்றில் வீட்டுக்குள் ஓர் அறையும் குளியலறையும் மட்டும், ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருமுன் சுத்தம் செய்வது மட்டும். இதற்கு இல்லை. உங்கள் வீடு இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புக்கிங்குகளுக்கு நடுவே சுத்தம் செய்வது, வைஃபை, மின்சாரம், குப்பை அகற்றுதல் ஆகியவற்றால் மட்டும் யாரும் ஹோட்டல்காரர் ஆகிவிடுவதில்லை. தினமும் படுக்கை மாற்றுவதும் காலை உணவு போடுவதும் ஆக்கிவிடும்.

இரண்டாவது கேள்வி: நஷ்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்கலாமா? இதற்குத்தான் ஏழு நாள் கணக்கு. மொத்த நாட்களைப் புக்கிங் எண்ணிக்கையால் வகுங்கள். நம் உதாரணத்தில் 168ஐ 48ஆல் வகுத்தால் 3.5 நாள். ஏழோ அதற்குக் கீழோ இருந்தால் நஷ்ட விதிகளைப் பொறுத்தவரை அது 'வாடகை நடவடிக்கை' என்ற வகையில் வராது. சாதாரண வாடகை வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் 25,000 டாலர் வரையிலான நஷ்டச் சலுகை இவருக்கு இல்லை. ஆனால் அந்த வேலையில் இவர் உண்மையாகவே ஈடுபட்டிருந்தால் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியும். அதை நிரூபிக்கப் பல அளவுகோல்கள் உண்டு: வருஷத்தில் 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருப்பது, அல்லது 100 மணிக்கு மேல் உழைத்து, கிளீனர், மேனேஜர் உட்பட வேறு எவரும் உங்களைவிட அதிகம் உழைக்காதிருப்பது. நிரூபிக்க முடியாவிட்டால் நஷ்டம் 8582 படிவத்தில் தேங்கி, வரும் வருஷங்களுக்குப் போகும்.

ஆக ஏழு நாளுக்குக் குறைவு என்பதாலேயே ஷெட்யூல் சி என்று முடிவு கட்டுவது தவறு. ரிட்டர்ன் தயாரிப்பவர்களே இதில் சறுக்குவதுண்டு. சேவைகள் இல்லையென்றால் சராசரி இரண்டு நாளாக இருந்தாலும் ஷெட்யூல் இதான். அதில் சொத்தின் வகையைக் கேட்கும் இடத்தில் '3', அதாவது விடுமுறை அல்லது குறுகியகால வாடகை.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சமூக ஊடகங்களில் 'ஏர்பிஎன்பி வாங்கிச் சம்பள வரியை இல்லாமல் ஆக்குங்கள்' என்று சொல்பவர்கள், 500 மணி நேரம் உழைத்ததாக ரிட்டர்னில் காட்டச் சொல்கிறார்கள். எச்-1பி உங்களுக்குத் தருவது ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் அனுமதியை. சொத்தில் முதலீடு செய்வது வேறு, அதில் அன்றாடம் வேலை பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு அரசுக்குக் கொடுப்பது வேறு. வரிக்காகச் சொன்னது விசாவுக்கு எதிராகத் திரும்பலாம். அப்படி ஒரு ரிட்டர்ன் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும். சிபிஏ எனப்படும் உரிமம் பெற்ற கணக்காளரிடம் மட்டும் கேட்டால் போதாது.

நாட்களை எண்ணுங்கள்

கேப் காட் வீட்டில் குடும்பமே 12 நாள் போய்த் தங்கியிருக்கிறது என்று வைப்போம். அப்போது வீட்டுச் செலவுகளை அப்படியே கழிக்க முடியாது. 168 வாடகை நாள், 12 சொந்த நாள், மொத்தம் 180. ஆக 168/180, அதாவது 15இல் 14 பங்கு. இன்ஷூரன்ஸ் 3,000 டாலர் என்றால் 2,800ஐக் கழிக்கலாம். காலியாகக் கிடந்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தளத்தின் கட்டணம், புக்கிங் கிளீனிங் போன்று வாடகைக்காகவே ஆன செலவுகளுக்கு இந்த வகுத்தல் வேண்டாம், முழுவதும் கழியும்.

சொந்த நாள் என்றால் நீங்கள் தங்கியது மட்டுமல்ல. அம்மா அப்பா, கூடப்பிறந்தவர்கள் தங்கியது, நண்பருக்குச் சலுகை விலையில் விட்டது எல்லாம் சேரும். விடுமுறை வீட்டில் தம்பி குடும்பம் முழு வாடகை கொடுத்துத் தங்கினாலும் அது சொந்த நாள்தான். பெயின்ட் அடிக்கவும் குழாய் மாற்றவும் போய் அந்த நாளின் பெரும்பகுதியை வேலையிலேயே செலவிட்டால் அது சேராது. ஹோம் டெப்போ கடை ரசீதை வைத்திருங்கள்.

சொந்த நாள், 14 நாளையும் வாடகை நாட்களில் பத்தில் ஒரு பங்கையும் ஒப்பிட்டு எது பெரிதோ அதைத் தாண்டினால் அது 'வசிப்பிடம்' ஆகிவிடும். இங்கே பத்தில் ஒரு பங்கு 16.8, பயன்படுத்தியது 12, தப்பித்தோம். தாண்டியிருந்தால் செலவுகளை வாடகை வருமானம் வரைக்கும்தான் கழிக்கலாம், நஷ்டம் காட்ட முடியாது.

அடுத்து தேய்மானம், அதாவது கட்டடம் பழசாவதை வருஷா வருஷம் செலவாகக் கழிப்பது. நிலம் தேயாது, கட்டடம் மட்டும். வீட்டின் விலை 4,50,000 டாலரில் நிலம் 1,80,000 என்றால் மிச்சம் 2,70,000. வழக்கமான குடியிருப்பு வாடகைக்கு 27.5 வருஷம், வருஷத்துக்கு 9,818. ஆனால் வருவோர் போவோர் சில நாளே தங்கும் இடத்தைச் சட்டம் ஹோட்டல் போலப் பார்ப்பதால், நம் உதாரணம் போன்ற வீட்டுக்குப் பல சிபிஏக்கள் 39 வருஷம் எடுக்கிறார்கள், 6,923. இரண்டையும் 15இல் 14 பங்காக்க வேண்டும். எதை எடுத்தாலும் முதல் வருஷத்திலேயே தொடங்கிவிடுங்கள். 'தேய்மானம் வேண்டாம், சிக்கல்' என்று விட்டாலும் விற்கும்போது நீங்கள் எடுத்ததாகவே கருதி வரி கேட்பார்கள்.

பதினான்கு நாள் விலக்கு

நீங்கள் குடியிருக்கும் வீட்டை வருஷத்தில் 15 நாளுக்குக் குறைவாக விட்டால் அந்த வாடகையைக் காட்டவே வேண்டாம், வரியும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின்போது ஊர்க்காரர்கள் வீட்டை விடும் வழக்கத்தால் இதற்கு 'அகஸ்டா விதி' என்றே பெயர். பதிலுக்கு, வாடகைக்கான செலவையும் கழிக்க முடியாது. பதினைந்தாம் இரவு ஒன்றை விட்டுவிட்டால் முதல் இரவிலிருந்து எல்லாமே வரிக்குள் வந்துவிடும். டிசம்பரில் யாராவது கேட்டால் எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

இந்த விலக்கு உங்களுக்கு உண்டு என்பது தளத்துக்குத் தெரியாது. மாநில வரம்பைத் தாண்டினால் 1099-கே வந்துவிடும். அப்போது ஷெட்யூல் இயில் 3ஆம் வரியில் முழுத் தொகையைக் காட்டி, 19ஆம் வரியில் '280ஏ(ஜி) பிரிவின்படி விலக்கு' என்று அதையே கழித்துப் பூஜ்யமாக்குவது ரிட்டர்ன் தயாரிப்பவர்களின் வழக்கம். தேதிகளோடு புக்கிங் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்ப வேண்டியவை

கிளீனருக்குச் செக்கிலோ ரொக்கமாகவோ கொடுத்திருந்தால், வாடகையைத் தொழிலாக நடத்துபவர் அவருக்குக் கொடுத்த கூலியைத் தெரிவிக்கும் 1099-என்இசி படிவத்தைக் கொடுக்க வேண்டும். 2025 வரை கொடுத்த பணத்துக்கு வரம்பு 600 டாலர், 2026இலிருந்து 2,000. கிரெடிட் கார்டில் கொடுத்தால் வேண்டாம். வேலை கொடுத்த முதல் நாளே அவரிடம் டபிள்யூ-9 வாங்கிவிடுங்கள், ஜனவரியில் தேடினால் கிடைக்க மாட்டார். வீட்டை ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தால், அவர்கள் உங்களுக்கு 1099-மிஸ்க் அனுப்புவார்கள், வாடகை 1ஆம் கட்டத்தில் இருக்கும்.

தங்கும் வரி முற்றிலும் வேறு. மாசசூசெட்ஸில் 2019 ஜூலையிலிருந்து குறுகியகால வாடகைக்கும் மாநிலத்தின் 5.7 சதவீதமும், பெரும்பாலான ஊர்களில் 6 சதவீதம் வரை ஊர் வரியும், கேப் காட்டில் நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு 2.75 சதவீதமும் உண்டு. விருந்தினரிடம் வாங்கிக் கட்டுவது பெரும்பாலும் தளமே. ஆனாலும் மாஸ்டாக்ஸ்கனெக்ட் தளத்தில் வீட்டைப் பதிவு செய்வது உங்கள் பொறுப்பு. நேரடியாக வந்து தங்குபவருக்கு நீங்களேதான் வசூலித்துக் கட்ட வேண்டும். அந்த வரிப்பணம் உங்கள் கைவழி போயிருந்தால் 1ஏ கட்டத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் 16ஆம் வரியில் கழியுங்கள்.

வாடகையில் யாரும் வரி பிடிக்காததால், ஆண்டுக் கடைசியில் 1,000 டாலரோ மேலோ பாக்கி நிற்கும் என்றால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி என நான்கு தவணையாக 15ஆம் தேதிகளில் முன்கூட்டியே கட்ட வேண்டும். சம்பளக்காரருக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: அலுவலகத்தில் டபிள்யூ-4இன் 4சி வரியில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

படிவமே தப்பாக இருந்தால்

1099-கேயின் இடது மேல் மூலையில் அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அவர்களைக் கேட்டுத் திருத்திய படிவம் வாங்குங்கள். ஐஆர்எஸ்ஸைக் கூப்பிட்டுப் பயனில்லை, அவர்களால் அதைத் திருத்த முடியாது. திருத்தம் வரும்வரை ரிட்டர்னை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். உங்கள் பெயரில் எந்தெந்தப் படிவங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து வருமான டிரான்ஸ்கிரிப்ட்டில் பார்க்கலாம். தளத்தில் பழைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுப் படிவத்தைப் பார்க்காமலே போனவர்களுக்கு இது நல்ல உதவி.

எண்கள் பொருந்தவில்லை என்றால் 'சிபி2000' என்ற நோட்டீஸ் வரும். ரிட்டர்ன் போட்டு ஒரு வருஷம் கழித்துக்கூட வரலாம். அது அபராதத் தீர்ப்பு அல்ல, 'எங்களிடம் இப்படி இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்' என்ற கேள்வி. பயந்து உடனே கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். பதில் அனுப்ப வேண்டிய தேதி அதிலேயே இருக்கும், வழக்கமாக 30 நாள். தளத்தின் வருஷ அறிக்கை, திருப்பிக் கொடுத்த 1,120க்கான பதிவு, 1,130 கட்டணத்தின் பட்டியல், அவற்றோடு ஷெட்யூல் இயில் எந்த வரியில் எதை எழுதினேன் என்ற ஒரு பக்க விளக்கம் ஆகியவற்றின் நகலை இணைத்து, 'ஒப்புக்கொள்ளவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்புங்கள். தேதி போதாது என்று தோன்றினால், அது முடிவதற்குள் நோட்டீஸில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு அவகாசம் கேளுங்கள்.